சயின்ஸ் டிகிரி இல்லாத ஜெனிட்டிக்ஸ் வாத்தியார்

ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு அப்ளை பண்ற நண்பர் உங்க கிளாஸ்ல ஒருத்தராவது இருப்பார். எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டினாலும் கடைசியில் ஒரு மெடிக்கல் உண்டு. கலர் கலரா புள்ளி வைத்த ஓர் அட்டையைக் காட்டி, உள்ளே என்ன நம்பர் தெரியுதுன்னு கேட்பாங்க. சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்க முடியலைன்னா வேலை இல்லை. தாம்பரம் யார்டுல சிவப்பு சிக்னலைப் பச்சைன்னு நினைச்சு ஒருத்தர் வண்டி எடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

அந்த நிறக்குருடுக்கும், ரத்தம் உறையாமல் போகும் ஹீமோபிலியா என்ற நோய்க்கும் ஒரு தொடர்பு இருக்கு. ரெண்டுக்கும் காரணமான ஜீன்கள் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. இதை 1937-ல் லண்டனில் ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க. டி.என்.ஏ. எப்படி இருக்கும்னு அப்போ உலகத்துல யாருக்கும் தெரியாது. அவங்ககிட்ட இருந்தது குடும்ப வரைபடங்களும் பென்சிலும் மட்டும்தான். அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, புவனேஸ்வரில் இறந்தார். பெயர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

மெஷின் லேர்னிங் வகுப்பில் லைக்லிஹுட், கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் எல்லாம் மனப்பாடம் பண்றோமே, அதெல்லாம் எந்த மாதிரிக் கேள்விகளைத் தீர்க்கப் பயன்பட்டதுன்னு தெரிஞ்சுக்க இவர் வாழ்க்கையைப் படிச்சா போதும்.

சுரங்கத்தில் ஒரு சின்னப் பையன்

ஹால்டேன் 1892 நவம்பர் 5-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் மனிதன் சுவாசிக்கும் காற்றைப் பற்றி ஆராய்ச்சி பண்ணவர். அவருடைய சோதனை எலி பல நேரம் அவரேதான், இல்லைன்னா மகன்தான். சின்ன வயசிலேயே மகனை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூட்டிட்டுப் போய், மேல்கூரையை ஒட்டி மீத்தேன் வாயு தேங்கியிருந்த இடத்தில் எழுந்து நின்னு ஷேக்ஸ்பியர் வசனம் ஒன்றைச் சொல்ல வைத்தார். பையனுக்கு மூச்சு வாங்கி, கால் துவண்டு, தரையில் விழுந்தான். தரையை ஒட்டி நல்ல காற்று இருந்ததால் தெளிஞ்சு எழுந்தான். மீத்தேன் காற்றை விட லேசானது, அதனால் மேலே நிற்கும் என்ற பாடம் அவனுக்கு ஆயுசுக்கும் மறக்கவில்லை.

எட்டு வயசில் அப்பா அவரை மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சி பற்றிய ஒரு சொற்பொழிவுக்குக் கூட்டிட்டுப் போனார். ஜெனிட்டிக்ஸ் ஆசை அங்கேதான் தொடங்கியது. பள்ளி ஈட்டன், கல்லூரி ஆக்ஸ்ஃபோர்டு. முதலில் கணிதம், பிறகு கிரேக்கம், லத்தீன், தத்துவம் என்று படிச்சு முடிச்சார். ஆமாங்க, இருபதாம் நூற்றாண்டின் பெரிய உயிரியலாளர்களில் ஒருத்தரான இவரிடம் அறிவியலில் எந்தப் பட்டமும் இல்லை. கோர் பிராஞ்ச் கிடைக்கலையேன்னு வருத்தப்படுறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கலாம்.

கல்லூரிக் காலத்தில் தங்கை நவோமியோடும் நண்பர் ஸ்பிரண்டோடும் சேர்ந்து சுண்டெலிகளை வளர்த்து, ரெண்டு குணங்கள் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போவதைக் கவனிச்சார். அதுக்குள்ள முதல் உலகப் போர் வந்துடுச்சு. ஸ்பிரண்ட் போரில் இறந்துபோனார். ஹால்டேன் பிரான்ஸில் போர்முனையில் இருந்தபோதே அந்தக் கட்டுரை 1915-ல் வெளிவந்தது. பாலூட்டிகளில் ரெண்டு ஜீன்கள் ஒட்டிப் பயணிப்பதைக் காட்டிய முதல் கட்டுரைகளில் அது ஒன்று. பிறகு மெசபடோமியாவில் காயம்பட்டு, சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்த நாடு அவருக்குப் பிடிச்சுப் போனது அப்போதான்.

ஜீன்கள் ஒட்டிப் பயணிப்பதுன்னா என்ன?

இதை எளிமையா இப்படி யோசிங்க. தாம்பரத்தில் ஏறும் ரெண்டு பேர் ஒரே பெட்டியில் உட்கார்ந்து கடற்கரை வரைக்கும் போறாங்க. வழியில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் பெட்டிகளைப் பிரிச்சு வேறு ரயிலோடு மாத்திக் கோக்கிறாங்கன்னு வச்சுப்போம். ஒரே பெட்டியில் இருக்கும் ரெண்டு பேர் பிரிய வாய்ப்பே கம்மி. முதல் பெட்டியில் ஒருத்தர், கடைசிப் பெட்டியில் ஒருத்தர்னா பிரிய வாய்ப்பு அதிகம். குரோமோசோமும் அப்படித்தான். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாத்திக்கும். ரெண்டு ஜீன்கள் எத்தனை தடவைக்கு ஒரு தடவை பிரியுதுன்னு எண்ணினால், அவற்றுக்கு இடையே உள்ள தூரம் கிடைச்சுடும். 1919-ல் ஹால்டேன் இந்த எண்ணிக்கையைத் தூரமாக மாத்தும் ஃபார்முலா எழுதினார். இந்தத் தூரத்துக்கு இன்றைக்கும் பயன்படும் சென்டிமார்கன் என்ற அலகுக்குப் பெயர் வச்சவரும் அவர்தான்.

ஈக்களிலும் எலிகளிலும் இது சுலபம். வேண்டிய ஜோடியைச் சேர்த்து, நூற்றுக்கணக்கில் குட்டிகளை எண்ணலாம். மனுஷங்களில் அப்படி முடியாது. ஒரு வீட்டில் மூணு பிள்ளை, நாலு பிள்ளை. யாரை யாருக்குக் கட்டி வைக்கணும்னு ஆராய்ச்சியாளர் சொல்லவும் முடியாது. அதனால் ஏற்கெனவே இருக்கும் குடும்பங்களைத் தேடிப் போய், ஒவ்வொருத்தரிடமும் ஒன்றுக்கு மேற்பட்ட குணங்களைப் பார்த்து, கணக்குப் போட்டாகணும். குடும்பங்களை வைத்துப் பல குணங்களை ஒரே நேரத்தில் ஆராயும் புள்ளியியல் என்ற பெரிய துறையின் விதை இதுதான்.

ஜூலியா பெல் என்ற இன்னொருத்தர்

1933-ல் ஹால்டேன் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜெனிட்டிக்ஸ் பேராசிரியர் ஆனார். அங்கே ஜூலியா பெல் இருந்தார். 1879-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படிச்சு முடிச்சார், ஆனால் பெண்களுக்கு அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுக்காது. பிறகு மருத்துவமும் படிச்சு டாக்டர் ஆனார். பரம்பரை நோய் உள்ள குடும்பங்களின் வரைபடங்களை வருஷக்கணக்கா சேகரிச்சுத் தொகுத்தவர் அவர். ஹால்டேனின் பெயரைச் சொல்லும்போது இவர் பெயரை விட்டுடக் கூடாது. டேட்டா இல்லாம மாடல் எதுக்கு?

ரெண்டு பேரும் நிறக்குருடும் ஹீமோபிலியாவும் சேர்ந்தே காணப்பட்ட குடும்பங்களைத் தேடி எடுத்தாங்க. ரெண்டு ஜீன்களும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பது முன்பே தெரியும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனால் மகனைப் பார்த்தாலே அம்மாவின் எந்த எக்ஸ் வந்திருக்குன்னு ஊகிக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு அம்மா. அவருடைய அப்பாவுக்கு நிறக்குருடு. அம்மா வழி மாமாவுக்கு ஹீமோபிலியா. அந்த அம்மா ரெண்டு ஜீன்களையும் சுமக்கிறார்னா, நிறக்குருடு ஒரு எக்ஸில் (அப்பா கொடுத்தது), ஹீமோபிலியா இன்னொரு எக்ஸில் (அம்மா கொடுத்தது). ரெண்டு ஜீன்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அவருடைய ஒவ்வொரு மகனுக்கும் ஏதாவது ஒன்று மட்டும்தான் வரும். ரெண்டும் சேர்ந்து வந்தாலோ, ரெண்டுமே வராம தப்பினாலோ, துண்டு மாறியிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டு ஜீன்களுக்கும் சம்பந்தமே இல்லைன்னா ஒவ்வொரு மகனும் காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி, பாதிக்குப் பாதி. இந்த மாதிரிக் குடும்பங்களில் மொத்தம் 10 மகன்களைப் பார்த்து, ஒருத்தரிடம் கூட துண்டு மாறலைன்னா? சம்பந்தமில்லாம தற்செயலா அப்படி நடக்க வாய்ப்பு 1024-ல் 1. நமக்கு ரொம்பப் பழக்கமான நம்பர். வேறு வேறு குடும்பங்களின் வாய்ப்புகளைப் பெருக்கணும், லாகரிதம் எடுத்தா கூட்டினாலே போதும். 1024-க்குப் பத்தடிமான லாகரிதம் 3-க்குக் கொஞ்சம் மேல. 1955-ல் நியூட்டன் மார்ட்டன் இந்த வழியை லாட் ஸ்கோர் என்று முறைப்படுத்தி, 3-ஐத் தாண்டினால் நம்பலாம்னு எல்லை வைத்தார். அதுக்கு முன்னாடியே ஹால்டேனும் சி.ஏ.பி. ஸ்மித்தும் 1947 கட்டுரையில் இந்தப் பாதையில் நடந்திருந்தாங்க.

1937-ல் பெல்லும் ஹால்டேனும் கண்ட விடை: ரெண்டு ஜீன்களும் பிரிவது சுமார் 5 சதவீதம்தான். மனிதரில் ரெண்டு நோய் ஜீன்களின் நெருக்கத்தை இப்படி அளந்தது அதுவே முதல் முறை.

1947-ல் அதிகக் குடும்பங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அது சுமார் 10 சதவீதமா ஏறிடுச்சு. டேட்டா கூடினா விடை துல்லியமாகணும், இங்கே ஏன் தள்ளிப்போச்சு? 1952-ல் பதில் கிடைச்சது. ஹீமோபிலியா ஒரே நோய் இல்லை, ஏ, பி என்று ரெண்டு. ஏ வகைக்கான ஜீன் நிறக்குருடு ஜீனுக்கு ரொம்பப் பக்கம். பி வகை ஜீன் அதே எக்ஸில் தள்ளி இருக்கு. ரெண்டையும் ஒரே கூடையில் போட்டதால் விடை நடுவில் நின்னது. லேபிள் கலந்து போனால் எவ்வளவு நல்ல அல்காரிதமும் தடுமாறும் என்பதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

யார் மேல பழி?

ஹீமோபிலியா கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கு, அது நம்ம வீடுகளைத் தொடுவது. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்த பையன்களில் பலர் வளர்ந்து அப்பா ஆகும் முன்பே இறந்துபோனாங்க. அப்படின்னா நோய் ஜீன் தலைமுறைக்குத் தலைமுறை குறைஞ்சு, காணாமப் போயிருக்கணும். போகலையே? 1935-ல் ஹால்டேன் சொன்ன விடை: குறையும் அளவுக்குப் புதுசா மாற்றங்கள் உண்டாகிட்டே இருக்கு. அந்தச் சமநிலையை வைத்து, ஒரு தலைமுறையில் சுமார் 50,000 எக்ஸ்களில் ஒன்றில் புது மாற்றம் வருதுன்னு கணக்கிட்டார். மனித ஜீன் ஒன்று எவ்வளவு வேகத்தில் மாறுதுன்னு போட்ட முதல் கணக்குகளில் அது ஒன்று. 1947-ல் அவரே இன்னொரு படி போய், இந்தப் புது மாற்றங்கள் அம்மாக்களை விட அப்பாக்களின் பக்கம்தான் அதிகம் உண்டாகுதுன்னு எழுதினார்.

இதன் அர்த்தத்தை யோசிங்க. பிள்ளைக்கு நோய்னா நம்ம ஊரில் முதலில் கேட்பது, உன் பொறந்த வீட்டுல யாருக்காவது இருந்துச்சா என்ற கேள்வி. மருமகள் தலையில் பழியைப் போட்டுட்டு வேலையை முடிச்சுடுவாங்க. ஆனால் பல குடும்பங்களில் அதுக்கு முன்னால் யாருக்குமே அந்த நோய் இருந்திருக்காது. பையனின் தாத்தா ஒருத்தரின் விந்தணுவில், யாரும் எதுவும் பண்ணாமலே, ஒரு எழுத்து மாறியிருக்கும். யாரோட பாவமும் இல்லை, ராசியும் இல்லை. இதைச் சொன்னது ஆறுதல் வார்த்தை இல்லை, கணக்கு.

அவர் சறுக்கிய இடம்

ஹால்டேனைச் சாமியாக்க வேண்டாம். அவர் தீவிர இடதுசாரி, தொழிலாளர் நாளிதழில் எளிய மக்களுக்காக அறிவியல் கட்டுரைகள் எழுதிக் குவித்தவர். ஆனால் சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் அரசு ஆதரவோடு ஜெனிட்டிக்ஸையே பொய் என்று ஒழிச்சுக்கட்டியபோது, கட்சிக்காகப் பல வருஷம் வெளிப்படையாக எதிர்க்காமல் மழுப்பினார். வாவிலோவ் என்ற மாபெரும் தாவர விஞ்ஞானி 1943-ல் அங்கே சிறையில் இறந்தார். ஹால்டேன் கட்சியை விட்டு விலக 1950 வாக்கில் ஆச்சு. டேட்டாவுக்கு முன் தலைவணங்கிய மனுஷன், தன் அணி என்று வந்தபோது தயங்கினார். நமக்கும் அணிகள் உண்டு, அதனால் இதையும் சேர்த்தே படிக்கணும்.

கல்கத்தா, பிறகு புவனேஸ்வர்

1957-ல் மஹாலனோபிஸ் அழைப்பில், கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு வந்து சேர்ந்தார். சூயஸில் பிரிட்டன் நடத்திய தாக்குதலை எதிர்த்து நாட்டை விட்டுக் கிளம்புவதாக அறிவித்தார். இங்கே வந்ததும் குர்த்தா, சைவச் சாப்பாடு என்று மாறினார். அவர் ஆசிரியராக இருந்த ஜர்னல் ஆஃப் ஜெனிட்டிக்ஸ் இதழும் அவரோடவே இந்தியாவுக்கு வந்தது. இன்றைக்கும் அதை இந்திய அறிவியல் அகாடமி வெளியிடுது.

இங்கே அவர் தன் மாணவர்களிடம் காஸ்ட்லி மெஷின் கேட்டு அழச் சொல்லலை. கண்ணால் பார்க்கக்கூடியதை எண்ணச் சொன்னார். டி.ஏ. டேவிஸ் தென்னை மரங்களை எண்ணினார். அடுத்த முறை சேலையூர் பக்கமோ மேடவாக்கம் பக்கமோ போகும்போது தென்னையை அண்ணாந்து பாருங்க. மட்டைகள் சில மரங்களில் இடப்பக்கமாச் சுழலும், சிலதில் வலப்பக்கமா. இடச்சுழி மரங்கள் கொஞ்சம் கூடுதலாகக் காய்ப்பதை டேவிஸ் எண்ணியே காட்டினார். ஆனால் சுழற்சி தாய் மரத்திலிருந்து பரம்பரையா வருவதில்லை. ரெண்டு குணங்கள் சேர்ந்து வந்தாலே ஜீன்தான் காரணம்னு முடிவு கட்ட முடியாதுன்னு ஒரு தென்னந்தோப்பே பாடம் எடுக்குது.

கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திராவில் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்களைக் கணக்கெடுத்தார். சுரேஷ் ஜெயகர் ஹால்டேனோடு சேர்ந்து 1962-ல் மனித உறவுமுறைகளை வரிசைப்படுத்தி எண்ணும் கட்டுரை எழுதினார். இங்கிலீஷில் எல்லாரும் கசின்தான், எல்லாரும் அங்கிள்தான். கணக்குக்கு அது பத்தாது. நம்ம மொழியில் மாமன் மகள் வேற, அத்தை மகள் வேற. ஜெனிட்டிக்ஸுக்கும் வேறதான்!

எப்படின்னு பாருங்க. ஒரு ஆண் மாமன் மகளைக் கட்டினாலும், அத்தை மகளைக் கட்டினாலும், பிள்ளைக்குச் சாதாரணக் குரோமோசோம்களில் ஒரே மூதாதையரின் ஒரே ஜீன் ரெண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு 16-ல் 1. அக்கா மகளைக் கட்டினால் 8-ல் 1. ஆனால் எக்ஸ் குரோமோசோமில் கதை மாறுது. மாமன் மகளைக் கட்டினால், பிறக்கும் பெண் குழந்தைக்கு அந்த வாய்ப்பு 8-ல் 1. அத்தை மகளைக் கட்டினால் பூஜ்யம். ஏன்னா ஆண் தன் எக்ஸை அம்மாவிடமிருந்து வாங்குறான். அத்தை அவனுக்கு அப்பா வழிச் சொந்தம். அந்த வழியில் எக்ஸ் அவனிடம் வந்து சேரவே இல்லை. நம்பலைன்னா ஒரு பேப்பர் எடுத்து வரைஞ்சு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சொந்தத்தில் கட்டினவங்க. உங்க அப்பா அம்மாவாகவே இருக்கலாம். இதைப் படிச்சுட்டு யாரும் பயப்பட வேண்டாம், வீட்டில் போய்ச் சண்டையும் போட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் நல்லாத்தான் பிறக்குறாங்க. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பரம்பரை நோய் இருந்தால், கல்யாணப் பேச்சு வரும் முன்னாடி ஜெனிட்டிக் கவுன்சலிங் போவது ஜாதகம் பார்ப்பதை விட உபயோகமான காரியம்.

கடைசிக் கணக்கு

ஹால்டேன் 1961-ல் கல்கத்தா வேலையை விட்டார். பிஜு பட்நாயக் ஆதரவோடு 1962-ல் புவனேஸ்வரில் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். கொஞ்ச நாளிலேயே குடலில் புற்றுநோய் வந்தது. நோயைக் கிண்டலடிச்சு ஒரு கவிதை எழுதி, அறிகுறி தெரிஞ்சா உடனே டாக்டரிடம் போங்கன்னு ஜனங்களுக்கு அதிலேயே புத்தி சொன்னார். 1964 டிசம்பர் 1-ஆம் தேதி இறந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. சுரங்கத்தில் தொடங்கிய அதே பழக்கம், கடைசியில் உடம்பையும் பாடமாகக் கொடுத்துட்டார்.

அவர் போட்ட கணக்கு நிற்கலை. 1937 கட்டுரையிலேயே அவரும் பெல்லும் ஒரு கனவைச் சொல்லியிருந்தாங்க: ஹண்டிங்டன் என்ற கொடிய நரம்பு நோய்க்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் அடையாள ஜீன் கிடைச்சா, யாருக்கு அந்த நோய் வரும்னு முன்கூட்டியே சொல்லலாமே என்று. 1983-ல், வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் உதவியோடு அது நடந்தது. நடுவில் 46 வருஷம். ஜெயகர் 1970-ல், உயரம் மாதிரி அளந்து எழுதும் குணங்களுக்கும் ஜீன் இருக்கும் இடம் தேடும் வழியைக் கொடுத்தார். இன்றைக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூணையும் ஒரே நேரத்தில் குடும்பம் குடும்பமா அலசுறாங்க. அதில் ரெண்டு மேட்ரிக்ஸ் சந்திக்கும். ஒன்று, குணத்துக்கும் குணத்துக்கும் என்ன தொடர்பு. இன்னொன்று, ஆளுக்கும் ஆளுக்கும் என்ன சொந்தம். தனித்தனியா பார்த்தா கண்ணில் படாத ஜீன், சேர்த்துப் பார்த்தா மாட்டும்.

உங்களால் இன்றைக்கே செய்ய முடிந்த ஒன்று உண்டு. அடுத்த தடவை பாட்டியோடு உட்காரும்போது ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூணு தலைமுறை வரையுங்க. யாருக்கு என்ன நோய், யார் எந்த வயசில் போனாங்க, யார் யாருக்குச் சொந்தம், எல்லாம் கேளுங்க. பாட்டிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எழுதி வைக்க ஆள்தான் இல்லை. ஜூலியா பெல் தொடங்கியதும் அங்கேதான்.